ரிக் கிரைம்ஸ் கட்டிலில் செத்தது சரிதான்: வாக்கிங் டெட் காமிக்ஸ் பற்றி ஒரு நீண்ட பதில்

பெருந்துறைத் தம்பி ஒருவர் மூன்று கேள்வி கேட்டிருந்தார். டிவி தொடரின் பதினோரு சீசனையும் பார்த்து முடித்தவன் காமிக்ஸை வேறு படிக்க வேண்டுமா, 193-ஆம் இதழோடு யாரிடமும் சொல்லாமல் கதையை மூடியது வாசகனை ஏமாற்றியதில் சேராதா, அத்தனை சண்டையைப் பார்த்த ரிக் கிரைம்ஸை ஒரு பெரிய வீட்டுப் பொடியன் கையால் கட்டிலில் வைத்துச் சாகடித்தது நியாயமா. மூன்றாவது கேள்வி அவருடையது மட்டும் இல்லை. ஈரோடு புத்தகத் திருவிழா சமயத்தில் தமிழில் வரும் லயன், முத்து காமிக்ஸ் வாசகர்கள் கூடும்போது கௌபாய் நாயகர்களான டெக்ஸ் வில்லரையும் டைகரையும் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் யாராவது ஒருவர் "அந்த ரிக்கை அப்படிக் கொன்றிருக்கக் கூடாதுங்க" என்று ஆரம்பித்தால் போதும், பேச்சு அங்கேயே நின்றுவிடும். நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன், அதற்குப் பதில் கிடைத்தால் மற்ற இரண்டும் தானாகத் தெளிந்துவிடும். கதை முழுவதையும் போட்டு உடைக்கப் போகிறேன், படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதலில் அடிப்படைத் தகவல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செத்தவர்கள் நடைபிணமாக எழுந்து மனிதரைத் தின்ன வரும் உலகத்தில் பிழைத்துக் கிடப்பவர்களின் கதை இது. 2003 அக்டோபரில் இமேஜ் காமிக்ஸ் முதல் இதழை வெளியிட்டது. எழுத்து ராபர்ட் கிர்க்மன். முதல் ஆறு இதழுக்குப் படம் வரைந்தவர் டோனி மூர், 7-ஆம் இதழில் இருந்து கடைசி வரை சார்லி அட்லார்ட். சாம்பல் நிறச் சாயம் பூசியவர் கிளிஃப் ராத்பர்ன். முழுக்கக் கறுப்பு வெள்ளை. கடைசி இதழ் 2019 ஜூலை 3 அன்று வந்தது. ஆகப் பதினைந்து வருடத்துக்கு மேல், நடுவில் ஆள் மாறாமல், ஒரே எழுத்தாளரும் ஏறக்குறைய ஒரே ஓவியரும் சேர்ந்து ஒரே கதையைச் சொல்லி முடித்திருக்கிறார்கள். அமெரிக்க மாதக் காமிக்ஸில் இது அபூர்வம், அங்கே ஒரு கதாபாத்திரத்தை இருபது எழுத்தாளர் மாறி மாறி எழுதுவதுதான் வழக்கம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எல்லோரும் இதைப் பிணங்களிடம் இருந்து தப்பிக்கிற கதையாகப் படிக்கிறார்கள். பத்து இருபது இதழுக்கு அப்படிப் படிக்கலாம், அதற்கு மேல் முடியாது, ஏனென்றால் பிணங்களைச் சமாளிக்கும் வழியை இவர்கள் சீக்கிரமே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். நான் இதை ஒரே ஒரு கேள்வியைத் துரத்திக்கொண்டு ஓடுகிற கதையாகப் படிக்கிறேன். போலீஸ், கோர்ட், ஜெயில் எதுவும் இல்லாமல் போன ஒரு ஊரில் ஒருவன் இன்னொருவனைக் கொன்றால் என்ன செய்வது? யார் தண்டிப்பது? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு 1-இல் இருந்து 193 வரை படித்துப் பாருங்கள், சம்பந்தம் இல்லாதவை போலத் தெரிந்த சாவுகள் எல்லாம் ஒரே கயிற்றில் கோர்த்தது மாதிரி வரிசையாக வந்து நிற்கும்.

ரிக் யார்? கென்டக்கியில் ஒரு சின்ன ஊரின் போலீஸ்காரர். குண்டடி பட்டு மயக்கத்தில் கிடந்தவர் ஆஸ்பத்திரியில் கண் விழிக்கும்போது உலகம் முடிந்துவிட்டிருக்கிறது. முதல் இதழில் ஒரு சைக்கிள் வரும். ரோட்டோரம் கிடக்கும் அதை எடுக்கப் போகிறார், பக்கத்தில் புல்லில் பாதி அழுகிய ஒரு பெண்ணின் உடல், அது தலையைத் தூக்கிப் பார்க்கிறது, நகர முடியவில்லை. ரிக் பயந்துபோய் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். இதழின் கடைசியில், துப்பாக்கியும் காரும் கிடைத்து அட்லாண்டாவுக்குப் புறப்பட்ட பிறகு, அந்த இடத்துக்கு வந்து வண்டியை நிறுத்தி இறங்கி அந்த உடலைச் சுட்டு அடக்கிவிட்டுப் போகிறார், கண்ணில் நீர். அவருக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை, ஒரு தோட்டாவும் நஷ்டம். ஆனால் அவர் இன்னும் போலீஸ்காரர். அப்படியே விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று நினைக்கிற மனிதர். இதில் இருந்துதான் கதை அவரைக் கீழே இறக்குகிறது.

6-ஆம் இதழில் ரிக்கின் நண்பன் ஷேன் ரிக்கைக் கொல்லப் பார்க்கிறான், ரிக்கின் மகன், சின்னப் பையன் கார்ல் ஷேனைச் சுட்டுவிடுகிறான். டிவியில் ஷேனைக் கொல்வது ரிக், பிணமாக எழுந்த ஷேனைத்தான் கார்ல் சுடுவான். இந்த ஒரு மாற்றமே இரண்டும் வேறு வேறு கதை என்று சொல்லப் போதும். காமிக்ஸில் முதல் தொகுப்பிலேயே உயிரோடு இருக்கும் ஒரு மனிதனைக் கொன்ற கை அந்தக் குழந்தையின் கை.

அடுத்து சிறைச்சாலைப் பகுதி. காலியான ஜெயிலில் குடியேறுகிறார்கள், உள்ளே ஏற்கெனவே சில கைதிகள். கூட்டத்தில் இருக்கும் ஹெர்ஷல் என்ற விவசாயியின் இரண்டு சின்ன மகள்கள் தலை துண்டிக்கப்பட்டுக் கிடக்கிறார்கள். டெக்ஸ்டர் என்ற கைதி மேல் சந்தேகம் விழுகிறது, அவன் நிரபராதி. உண்மையில் கொன்றவன் தாமஸ் பிடிபட்டதும் ரிக் அவன் முகத்தைத் தன் கை உடைகிற அளவுக்கு அடிக்கிறார். அப்புறம் ஒரு சட்டம் போடுகிறார், கொன்றால் சாவு. தூக்குக்கு ஏற்பாடு நடக்கும்போதே தாமஸ் மறுபடி ஒரு பெண்ணைக் கொல்லப் பார்க்க, மேகி அவனைச் சுட்டுத் தள்ளுகிறாள். செத்த குழந்தைகளின் அக்காதான் அவள்.

கவனிக்க வேண்டியது இதற்குப் பிறகு நடப்பது. வெளியே பிணக்கூட்டம் நுழைந்த குழப்பத்தில் ரிக் யாருக்கும் தெரியாமல் டெக்ஸ்டரைச் சுட்டுக் கொல்கிறார். டெக்ஸ்டர் அப்போது துப்பாக்கியோடு ஜெயிலைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தான் என்பது உண்மைதான், ஆனாலும் கொன்றால் சாவு என்று சட்டம் போட்டவரே அடுத்த கொலையைச் செய்கிறார், ஒரு தண்டனையும் இல்லை. கூட்டத்தில் இருக்கும் நண்பன் டைரீஸ் அதைக் கண்டுபிடித்துக் கேட்கும்போது இரண்டு பேரும் கட்டிப் புரண்டு அடித்துக்கொள்கிறார்கள். ரிக் எழுந்து பார்த்தால் மற்றவர்கள் கூடி, இனி நீ மட்டும் முடிவெடுக்க வேண்டாம், நான்கு பேர் குழு முடிவெடுக்கும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பதிலாகத்தான் 24-ஆம் இதழில் அந்தப் புகழ்பெற்ற வசனம், நடைபிணங்கள் நாம்தான் என்று ரிக் கத்துவது. எல்லோரும் அதை ஒரு வீர வசனமாக ஸ்டேட்டஸில் போடுகிறார்கள். எனக்கு அது ஒரு குற்றவாளியின் வாக்குமூலமாகவே படுகிறது. பழைய உலகத்தின் சட்டம் செத்தது, இனி யாரும் என்னைக் கேள்வி கேட்க முடியாது என்கிறார் அந்தப் போலீஸ்காரர்.

பக்கத்து ஊரைக் கொடுமையாக ஆளும் கவர்னர் என்பவனின் பகுதியை நான் வேகமாகக் கடந்துவிடுகிறேன், எல்லோருக்கும் தெரிந்தது. 28-இல் ரிக்கின் வலது கை போகிறது. 48-இல் ரிக்கின் மனைவி லோரியும் அவள் கையில் இருந்த குழந்தையும் ஒரே குண்டில் சாகிறார்கள். அதைச் சுட்ட கவர்னர் கூட்டத்துப் பெண், தான் என்ன செய்தோம் என்று புரிந்ததும் திரும்பி கவர்னரைச் சுடுகிறாள். டிவியில் அந்தக் குழந்தை ஜூடித் பிழைத்து வளர்ந்து வாள் சுற்றுவாள். காமிக்ஸில் அப்படி எந்த ஆறுதலும் இல்லை. 48-ஐ முடித்துவிட்டு அடுத்த இதழை உடனே எடுக்க முடியாமல் புத்தகத்தை மூடி வைத்தவர்கள் நம் பக்கத்திலேயே நிறையப் பேர்.

நான் எல்லோரையும் உட்கார்ந்து படிக்கச் சொல்வது 61-ஆம் இதழை. பென், பில்லி என்று இரட்டைப் பையன்கள். பென்னுக்கு மனநிலை சரியில்லை, தம்பியைக் கத்தியால் கொன்றுவிட்டு, கவலைப்படாதீங்க, திரும்ப எழுந்திருப்பான் என்கிறான். பெரியவர்கள் இரவெல்லாம் பேசுகிறார்கள். என்ன செய்வது, குழந்தையைக் கொல்ல முடியுமா, வைத்துக்கொண்டு தூங்க முடியுமா. யாராலும் முடிவெடுக்க முடியவில்லை. அன்று ராத்திரி கார்ல் எழுந்து போய்ப் பென்னைச் சுட்டுவிடுகிறான். பெரியவர்கள் செய்ய முடியாததை ஒரு சிறுவன் செய்கிறான், யார் செய்தது என்றும் அவர்களுக்குத் தெரியாது. பின்னால் கார்லே அப்பாவிடம் சொல்கிறான். டிவியில் இதே மாதிரி ஒரு விஷயத்தை லிஸி, மிகா என்று இரண்டு பெண் குழந்தைகளை வைத்து எடுத்தார்கள், அங்கே சுடுவது கேரல். அதுவும் மனசை அறுக்கிற எபிசோடுதான், ஆனால் பெரியவள் ஒருத்தி சுடுவதும் குழந்தை சுடுவதும் ஒன்று ஆகாது. கார்லின் கணக்கில் இப்போது இரண்டு உயிர், அவனிடம் கணக்குக் கேட்க ஒரு கோர்ட் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மனித மாமிசம் தின்னும் கூட்டத்தை ரிக்கும் ஆட்களும் பிடித்துத் துண்டு துண்டாக வெட்டுகிறார்கள். பின்னால் குடியேறும் அலெக்ஸாண்ட்ரியா என்ற ஊரில் மனைவியை அடிக்கிற டாக்டர் பீட்டை, ஊர்த் தலைவர் டக்ளஸ் சொல்லி ரிக் சுடுகிறார். இங்கே ஒரு சின்ன மாற்றம் நடக்கிறது. முதல்முறையாக இன்னொருவர் வாய் உத்தரவு போடுகிறது. மோசமான நீதிதான், ஆனாலும் ரிக் தன் இஷ்டத்துக்குச் சுட்டது இல்லை.

100-ஆம் இதழ், 2012 ஜூலை. எதிரிக் கூட்டத்தின் தலைவன் நெகன், முள்கம்பி சுற்றிய லூசில் என்ற மட்டை, மேகியின் புருஷன் கிளென் சாவு. மூன்றரை லட்சத்துக்கும் மேல் பிரதிகள் கடைகளுக்குப் போன இதழ் அது. அதைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். அந்த இதழின் பலன் 125, 126-இல் வருகிறது. பெரிய போர் முடியும் கட்டத்தில் ரிக் நெகனிடம், நாம் சேர்ந்து விவசாயம் பண்ணலாம், பண்டமாற்றுப் பண்ணலாம், சாவு எதற்கு என்று பேசுகிறார், நெகன் ஒரு நிமிடம் யோசிக்கிறான், அந்த நிமிடத்தில் கழுத்தை அறுக்கிறார். அதற்குப் பிறகு நெகன் அவர் காலை உடைக்கிறான், கடைசியில் ரிக் ஜெயிக்கிறார், ஜெயித்த உடனே சொல்வது, இவனைக் காப்பாற்றுங்கள். மேகிக்கு அது தாங்க முடியாத தீர்ப்பு, புருஷனை அடித்துக் கொன்றவன் உயிரோடு இருக்கப் போகிறான். ஆனால் 16, 17-ஆம் இதழில் கொன்றால் சாவு என்று சட்டம் போட்ட அதே ஆள் இப்போது ஒரு ஜெயில் அறை கட்டுகிறார். கதை அங்கே திரும்பிவிட்டது. அடுத்த இதழ் சுமார் இரண்டு வருடம் தாண்டிப் போய் வயல், ரோடு, சந்தை என்று காட்டுகிறது.

கடைசியில் காமன்வெல்த். ஐம்பதாயிரம் பேர் வாழும் ஊர். கிரிக்கெட் மைதானம் மாதிரி ஒரு ஸ்டேடியம், சட்டை இஸ்திரி போட்ட ஆட்கள், போலீஸ், வக்கீல் எல்லாம் உண்டு. பழைய உலகத்தில் நீ என்ன வேலை பார்த்தாயோ அதே தட்டில் உன்னை வைப்பார்கள். திருப்பூர் அண்ணன் ஒருவர், ஹெல்பராகச் சேர்ந்து கட்டிங் மாஸ்டராகி அப்புறம் சொந்தமாக பனியன் கம்பெனி வைத்தவர், தொடர் முழுக்க அவருக்குக் கோபம் வந்த ஒரே இடம் இதுதான் என்பார். நெகனைவிட அந்த ஊரை ஆளும் பமீலா மில்டன்தான் கெட்டவள் என்று வாதாடுவார், அவள் யாரையும் மட்டையால் அடிக்காவிட்டாலும். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். அந்த ஊரில் புரட்சி வெடிக்கும் நேரத்தில் டுவைட் பமீலாவை நோக்கித் துப்பாக்கி நீட்ட, ரிக் தன் கூட்டாளியான டுவைட்டைச் சுடுகிறார். அப்புறம் 191-இல் இரண்டு பக்கமும் ஆயுதத்தோடு நிற்கும் கூட்டத்தின் நடுவே நின்று பேசுகிறார், நாம் நடைபிணங்கள் இல்லை என்கிறார். 24-இல் சொன்னதற்கு 167 இதழ் கழித்துத் தன் வாயாலேயே மறுப்பு. சண்டை நின்றுவிடுகிறது. அந்த இதழின் கடைசியிலேயே பமீலாவின் மகன் செபாஸ்டியன் ராத்திரி ரிக் அறைக்குள் வந்து சுடுகிறான். 192-இல் ரிக் முடிந்துவிட்டார். காலையில் கார்ல் வந்து பார்க்கும்போது கட்டிலில் இருப்பது அப்பாவின் நடைபிணம், கார்லே அதை அடக்குகிறான்.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்த இடம் ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்று எனக்குப் புரிகிறது. உடுக்கை அடித்து இரவு இரவாக அண்ணன்மார் கதை பாடுகிற நாடு இது. பொன்னரும் சங்கரும் சாவது வீரப்பூர்ப் படுகளத்தில். தங்காள் அழுது தேடி வந்து எழுப்ப, அண்ணன்மார் எழுந்து தங்கையிடம் பேசிவிட்டு மறுபடி மடிகிறார்கள். படுகளம் நடக்கும் கோவில்களில் இன்றும் ஆட்கள் செத்தவர் போல விழுவதும் அவர்களை எழுப்புவதும் சடங்காகவே உண்டு. வீரன் என்றால் களத்தில் விழ வேண்டும், விழுந்தவன் எழுந்து ஒரு வார்த்தையாவது பேச வேண்டும் என்று காது பழகிய ஆளுக்கு, ரிக் கட்டிலில் விழுந்து, எழுந்து, பேசாமல் மகன் மேல் பாய வருவது பொறுக்காது. எனக்கும் முதல் தடவை படித்தபோது நெஞ்சை அடைத்தது. ஆனால் ரிக் களத்தில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். மேலும் ஒரு போர், மேலும் ஒரு பழி, கார்ல் பமீலா ஊரையே கொளுத்தியிருப்பான், கதை 24-ஆம் இதழுக்கே திரும்பிப் போயிருக்கும். அவர் போரை நிறுத்திய அன்று ராத்திரி ஒரு கோழைப் பையன் கையால் சாகிறார், அதற்குப் பிறகும் போர் வரவில்லை என்பதுதான் அந்தச் சாவின் அர்த்தமே. செபாஸ்டியனை யாரும் அடித்துக் கொல்லவில்லை. ஜெயிலுக்குப் போகிறான். சின்ன வயசிலேயே பென்னைச் சுட்ட கார்ல், அப்பாவைக் கொன்றவனை விட்டுவிடுகிறான். ரிக் ஜெயித்தது அந்த இடத்தில்.

193 இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோகிறது. பல வருடம் கழித்து. கார்ல் வளர்ந்து, கூட்டத்தோடு வளர்ந்த சோஃபியாவைக் கல்யாணம் பண்ணி, ஆண்ட்ரியா என்று ஒரு மகள். தன் நிலத்தில் திரிந்த ஒரு நடைபிணத்தை வெட்டிவிடுகிறான். அதுவோ மேகியின் மகன் ஹெர்ஷலுக்குச் சொந்தம், அவன் ஊர் ஊராகப் போய்க் காசு வாங்கிக்கொண்டு பிணங்களை வேடிக்கை காட்டுகிறவன். பிணத்தைப் பார்க்காத ஒரு தலைமுறை வந்துவிட்டது, அவர்களுக்கு அது காட்சிப்பொருள். கார்ல் மேல் கேஸ். ஆமாம், கேஸ். இரண்டு மனிதரைச் சிறுவயதில் கொன்று ஒரு கேள்வியும் கேட்கப்படாத கார்லை, அடுத்தவன் சொத்தைச் சேதப்படுத்தினாய் என்று கோர்ட்டில் நிறுத்துகிறார்கள். நீதிபதி யார் என்றால் ரிக் கூட்டத்து மிஷோன். உலகம் அழியும் முன் அவள் வக்கீல், நடுவில் அத்தனை வருடம் வாள். மேகி அந்த நாட்டின் ஜனாதிபதி, யூஜீன் ரயில் பாதை போட்டுக்கொண்டிருக்கிறான். ஊர் நடுவே ரிக்குக்குச் சிலை. இந்த அற்ப வழக்கு சலிப்பாக இருக்கிறது என்று சில ரசிகர்கள் சொல்கிறார்கள். எனக்கு இந்த அற்ப வழக்குக்காகவே 192 இதழையும் படித்தது தகும். ஒரு நாட்டில் கோர்ட்டுக்கு வரும் பெரிய சண்டையே இதுதான் என்றால் அந்த நாடு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது இரண்டாவது கேள்வி. சொல்லாமல் முடித்தது ஏமாற்றா? நடந்தது இதுதான். 194-இல் தொடங்கி அடுத்தடுத்த இதழ்களுக்குப் போலி அட்டைகள் வரைந்து, கடைக்காரர்களுக்குப் போகும் பட்டியலில் போட்டு, 193 சுமார் எழுபது பக்கத்துக்கு மேல் தடித்து வந்தபோதுதான் இது கடைசி என்றே தெரிந்தது. விலையும் வழக்கமான இதழின் விலைதான். அந்த இதழின் கடைசியில் எழுதிய கடிதத்தில் கிர்க்மன் சொன்ன காரணம், படிப்பவனுக்கு இன்னும் எத்தனை பக்கம் என்று முன்கூட்டியே தெரிந்தால் கதை சொல்கிறவனுக்கும் படிக்கிறவனுக்கும் நடுவே இருக்கும் பயம் போய்விடும் என்பது. கடைக்காரர்கள் கோபப்பட்டதில் நியாயம் உண்டு, இது கடைசி என்று தெரிந்திருந்தால் அதிகம் வரவழைத்திருப்பார்கள், அவர்களுக்கு அது பிழைப்பு. வாசகன் ஏமாந்தானா என்றால் இல்லை. யார் எப்போது சாவார்கள் என்று சொல்லாமலே பதினைந்து வருடம் ஓடிய கதை, தன் சாவை மட்டும் முன்கூட்டி அறிவிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எப்படி?

அதே கடிதத்தில் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். ஆதியில் அவர் வைத்திருந்த முடிவு வேறு. ரிக் அலெக்ஸாண்ட்ரியாவில் நின்று நம்பிக்கையாகப் பேசுகிறார், அந்த முகம் அப்படியே சிலையாக மாறுகிறது, சிலை பழசாகிப் பாழடைந்து கிடக்கிறது, சுற்றிலும் நடைபிணங்கள். அதாவது செத்தவர்கள் ஜெயித்தார்கள். பல வருடம் முன்பே அப்படி முடிப்பதாக இருந்தது. நல்லவேளை கைவிட்டார். பத்துப் பேரில் ஒன்பது எழுத்தாளர் அந்த இருட்டான முடிவைத்தான் வைத்திருப்பார்கள், அதில் சாமர்த்தியம் தெரியும், கைதட்டும் கிடைக்கும். சிலையை மட்டும் வைத்துக்கொண்டு சுற்றிலும் உயிரோடு மனிதர்களை நிறுத்துவதற்கு கூட நூறு இதழ் எழுத வேண்டியிருந்தது.

வேறொருவர், இந்த நோய் எப்படி வந்தது என்று கடைசி வரை சொல்லவே இல்லையே என்று குறைப்பட்டார். இமேஜ் காமிக்ஸில் கதையை ஏற்றுக்கொள்ள வைப்பதற்காக, இதெல்லாம் வேற்றுக்கிரகவாசிகள் செய்த வேலை, பின்னால் படையெடுத்து வருவார்கள் என்று கிர்க்மன் பொய் சொல்லித்தான் சம்மதம் வாங்கினார், அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. போகாததே நல்லது. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோவில்கள் இன்றும் இருக்கின்றன. அந்தக் காலத்தில் வீட்டைப் போட்டுவிட்டு ஓடிய சனங்களில் எத்தனை பேருக்கு எலி, கிருமி எல்லாம் தெரிந்திருக்கும்? அடுத்த நாள் யார் தண்ணீர் எடுப்பது, யார் புதைப்பது என்பதுதான் அவர்கள் முன்னால் இருந்த கேள்வி. ரிக் கூட்டத்துக்கும் அவ்வளவுதான் தெரியும், எனவே நமக்கும் அவ்வளவு போதும்.

முதல் கேள்விக்கு வந்தால், டிவி பார்த்தவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். ஏன் என்று மேலே சொன்னதிலேயே இருக்கிறது, இந்தக் கதையின் முதுகெலும்பு கார்ல். ஷேனைச் சுட்ட குழந்தை, பென்னைச் சுட்ட சிறுவன், ஒரு கண்ணை இழந்த பையன், நெகனிடம் ஜெயில் கம்பிக்கு வெளியே உட்கார்ந்து பேசுகிற இளைஞன், கோர்ட்டில் நின்ற அப்பன். டிவி தொடரோ எட்டாவது சீசனில் கார்லைக் கொன்றுவிட்டது. ரிக் ஒன்பதாவது சீசனில் கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு அவர்கள் என்ன எடுத்தாலும் இந்த முடிவை எடுக்க வழியே இல்லை. டிவியில் வரும் டாரில் காமிக்ஸில் கிடையாது, அதற்காக வருத்தப்படுகிறவர்கள் உண்டு, டாரிலாக நடித்த நார்மன் ரீடஸை எனக்கும் பிடிக்கும். ஆனால் காமிக்ஸின் ஆண்ட்ரியா கிடைக்கிறாள். டிவியில் மூன்றாவது சீசனில் வீணடித்த அதே ஆண்ட்ரியா இங்கே 167 வரை வாழ்கிறாள், ரிக்கின் துணையாக, கூட்டத்தின் மிகச் சிறந்த துப்பாக்கிக்காரியாக. 167-ஐ முழுக்க அவள் சாவுக்கு மட்டும் கொடுத்திருக்கிறார்கள், ஒவ்வொருவராக வந்து விடைபெறுகிறார்கள். அட்லார்ட் அங்கே சண்டையே வரைவதில்லை, முகம் முகமாக வரைகிறார். கண் குழியில் கறுப்பு மை, கன்னத்தில் இரண்டு கோடு, அவ்வளவில் ஒரு ஆள் அழுகையை அடக்குவது தெரிந்துவிடும். இதை எந்த நடிகரும் எனக்கு அப்படித் தரவில்லை.

குறையே இல்லாத தொடர் என்று சொல்ல மாட்டேன். தொடக்க இதழ்களில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டே பேசுகிற மாதிரிதான் வருகிறார்கள், ஆண்ட்ரியாவும் மிஷோனும் மேகியும் எழுந்து நிற்க நாள் பிடிக்கிறது. கவர்னர் மிஷோனுக்குச் செய்வதும், 33-இல் அவள் திருப்பிச் செய்வதும் கதைக்குத் தேவைப்பட்டதைவிட மிக நீளமான கொடூரம், அந்தப் பக்கங்களை நான் திரும்பப் படிப்பதில்லை. பிணத்தோல் போர்த்தித் திரியும் விஸ்பரர்கள் என்ற கூட்டத்தின் பகுதியில் 144-இல் தலைகளைக் கம்பத்தில் நட்ட காட்சி வரை உயிரை உலுக்கும், அதற்குப் பிறகு வரும் போர் இழுவை. காமன்வெல்த்துக்கு இன்னும் இருபது இதழாவது கொடுத்திருக்கலாம், பமீலாவின் ஊர் எப்படி நடக்கிறது என்று நாம் உள்ளே போய்ப் பார்ப்பதற்குள் வெடித்துவிடுகிறது.

எப்படி வாங்குவது என்று தம்பி கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். காம்பெண்டியம் என்று நான்கு தடிப் புத்தகம், ஒவ்வொன்றும் ஆயிரம் பக்கத்துக்கு மேல். முதலாவது சரியாக 48-ஆம் இதழில் முடியும், மூன்றாவது 144-இல், இரண்டு இடமும் அப்படியே அடித்துப் போட்டுவிட்டுப் போகும். மடியில் வைத்துப் படிக்கும் கனம் இல்லை, டேபிள் வேண்டும். 2020 அக்டோபரில் இருந்து டேவ் மக்கெய்க் வண்ணம் போட்ட டீலக்ஸ் இதழ்கள் வந்தன. அவற்றின் பின்பக்கத்தில் கிர்க்மன் எழுதிய குறிப்புகள், அவர் முதலில் திட்டமிட்டு அப்புறம் மாற்றியவை, இரண்டாம் முறை படிப்பவர்களுக்குத் தங்கம். முதல் முறை கறுப்பு வெள்ளையில்தான் படிக்க வேண்டும், ராத்பர்னின் அந்தச் சாம்பல் நிறத்தில்தான் மழையும் ராத்திரியும் சரியாக இறங்கும். நெகனின் பூர்வகதை 'ஹியர்ஸ் நெகன்' என்று தனியாக வந்திருக்கிறது, மட்டைக்கு ஏன் லூசில் என்று பேர் வந்தது என்பது அதில் இருக்கிறது. அதை 174-க்கு முன்னால் படித்துவிடுங்கள்.

தம்பியின் நண்பர், கோபிக்காரர், நெகனைத் தூக்கில் போட்டிருக்க வேண்டும் என்று சண்டை பிடிப்பதாக எழுதியிருந்தார். அவருக்கு 174-ஐ மட்டும் படிக்கக் கொடுங்கள். ஊரைவிட்டு அனுப்பப்பட்ட நெகன் தனியாக இருக்கும் இடத்துக்கு மேகி துப்பாக்கியோடு வருகிறாள், கேட்க ஆள் இல்லை, தடுக்க ரிக் இல்லை. நெகன் அழுகிறான், கொன்றுவிடு என்று அவனே கெஞ்சுகிறான். அவள் சுடாமல் திரும்பிப் போகிறாள். தாமஸைச் சுட்டுத் தள்ளிய அதே மேகிதான், பின்னால் ஜனாதிபதி ஆகப் போகிறவளும் அவள்தான். அதைப் படித்த பிறகும் தூக்குத்தான் சரி என்று கோபிக்காரர் சொன்னால், அவர் காரணத்தை எழுதி அனுப்பச் சொல்லுங்கள், நான் முழுசாகப் படித்துப் பதில் போடுகிறேன்.